சான்று கேட்ட சந்தைகள்: தென் திருவிதாங்கூர்க் கடற்கரையின் ஏற்றுமதி வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உதியன்குளங்கரை உள்ளது. அங்கிருந்து தென்மேற்காக இறங்கினால் கேரளத்தின் தென்கோடிக் கடற்கரைச் சிற்றூரான பொழியூர் வரும். அதை அடுத்து மணல் தொடர்ச்சி அறாமல் தமிழ்நாட்டின் நீரோடி. நீரோடியில் தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என எட்டு மீனவ ஊர்கள் குழித்துறையாற்றின் கழிமுகம் வரை ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே திருவிதாங்கூர்க் கடற்கரையாக இருந்த பொழியூரும் நீரோடியும் இரு மாநிலங்களின் எல்லையூர்களாயின. பேச்சு மாறவில்லை; இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. மாறியவை பதிவேடுகள்.

இந்தப் பதிவேடுகளுக்கும் வெளிநாட்டுச் சந்தைக்கும் உள்ள தொடர்பு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. அதைத் தெளிவாக்கும் இரு நிகழ்வுகள் மூன்றே மாத இடைவெளியில் நடந்தன. 2014 நவம்பரில் கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டி மீன்பிடிப்பு, கடல்சார் மேற்பார்வைக் குழுமம் என்னும் பன்னாட்டு அமைப்பின் நிலைத்த மீன்பிடிப்புச் சான்றிதழைப் பெற்றது. இந்தியாவில் அச்சான்றிதழைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுவே. 2015 பிப்ரவரி 6ஆம் நாள், எல்லாச் சுறா இனங்களின் துடுப்புகளையும் ஏற்றுமதி செய்வதை இந்திய அரசின் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் தடை செய்தது. முதல் நிகழ்வால் ஒரு கரையின் வாசல் அகலத் திறந்தது. இரண்டாவதால், இந்தியாவின் மிகத் தேர்ந்த சுறா மீனவர்கள் வாழும் தூத்தூர்க் கரையின் வாசல் அடைபட்டது.

மட்டி விரைந்து பெருகும் உயிர். சுறா மெதுவாக வளர்ந்து குறைவாகவே ஈனும் உயிர். ஆகவே ஒன்றுக்கு அனுமதியும் மற்றொன்றுக்குத் தடையும் இயல்பே என்பது வழக்கமான விளக்கம். அது பாதி விளக்கம்தான். மறுபாதி, சான்று தரும் ஆற்றல் யாரிடம் இருந்தது என்பதில் உள்ளது. கடந்த எழுபது ஆண்டுகளில் இக்கடற்கரையின் ஏற்றுமதி வாசல்கள் மீனின் தரத்தால் மட்டும் திறந்து மூடவில்லை. தொலைவில் இருப்பவர் கேட்கும் சான்றை யார் உருவாக்கித் தர முடிந்தது, யாருக்காக அதை உருவாக்க அரசு முன்வந்தது என்பவையே முடிவைத் தீர்மானித்தன.

பொருளே சான்றாக இருந்த காலம்

உறைபதனத் தொழிலுக்கு முன்பு திருவிதாங்கூர், கொச்சிக் கரைகளின் வெளிநாட்டு வணிகம் பெரும்பாலும் உலர்மீன் வணிகமே. கருவாடு இலங்கைக்குச் சென்றது. கொச்சி, ஆலப்புழைப் பகுதிகளில் இறாலை அவித்து, வெயிலில் காயவைத்து, அடித்து ஓடு நீக்கிய ‘செம்மீன் பரிப்பு’ பர்மாவுக்கு, குறிப்பாக இரங்கூன் சந்தைக்குக் கப்பலேறியது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் பர்மாவின் துறைமுக நகரங்களிலும் உழைத்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் இப்பண்டங்களை நன்கு அறிந்தவர்கள். உள்ளூர் மக்களும் இவற்றை விரும்பி வாங்கினர்.

இவ்வணிகத்தில் தரத்தின் சான்று பொருளிலேயே இருந்தது. வாங்குபவர் கருவாட்டை ஒடித்தார், முகர்ந்தார், உப்பின் அளவை நாக்கில் அறிந்தார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான ஓர் அறிவு இருந்தது. அந்த அறிவு மீன் காயவைத்த பெண்களிடமும் இருந்தது. தரம் குறைந்தால் விலை குறைந்தது, சந்தை அடைபடவில்லை.

சந்தையை அடைத்தது வேறொன்று. பர்மா, இலங்கை ஆகிய இரு நாடுகளும் விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியைக் கட்டுப்படுத்தின. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, தொடர்ந்து வணிகம் அரசுடைமையானபோது இரங்கூன் வழி ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. ஒரு சந்தையை நம்பிய கரை, அச்சந்தை அமைந்த நாட்டின் அரசியலையும் சேர்த்தே நம்பியிருக்கிறது என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

உறைந்த கட்டிக்குள் மறைந்த தரம்

பழைய வாசல் மூடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் புதிய வாசல் திறந்தது. 1952 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவை, நார்வே, இந்தியா ஆகிய முத்தரப்பினரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி 1953 முதல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் இயங்கியது. விசைப்படகு, பனிக்கட்டி, உறைபதனம் ஆகியவற்றை மீனவ ஊர்களுக்குக் கொண்டுவருவதும், உள்நாட்டு மக்களுக்கு நல்ல மீன் கிடைக்கச் செய்வதும் அதன் தொடக்க நோக்கங்கள். ஏற்றுமதி அத்திட்டத்தின் மைய இலக்காக இருக்கவில்லை. ஆனால் அதே 1953இல் கொச்சியிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் உறையவைத்த இறாலை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அமெரிக்கர் தந்த விலை மற்றெல்லாக் கணக்குகளையும் மாற்றியது. விசைப்படகுகள் இழுவலைக்குத் திரும்பின. கேரள மீன்வளத்தை நீண்டகாலம் ஆராய்ந்த பொருளியலாளர் ஜான் குரியன், உள்ளூர்ப் பசிக்காகத் தொடங்கிய திட்டம் அயல்நாட்டு மேசைக்கான தொழிலாக உருமாறிய வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார். கரிக்காடி, பூவாலன், நாரன் என்று கரையில் வகைபிரித்து அழைக்கப்பட்ட இறால்கள் அளவெண்ணால் மட்டும் அறியப்படும் பண்டங்களாயின.

உறைந்த இறாலில் தரத்தின் சான்று பொருளிலிருந்து விலகிச் சென்றது. கட்டிக்குள் இருப்பதை வாங்குபவர் முகர்ந்தறிய முடியாது. கடல் கடந்த துறைமுகத்தில் ஆய்வாளர் ஒரு மாதிரியை எடுத்துச் சோதித்து முழுச் சரக்கையும் நிராகரிக்கலாம். ஆகவே கப்பலேறும் முன்பே தரத்தை உறுதிசெய்யும் அமைப்பு தேவைப்பட்டது. 1957இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியது. 1963இல் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு மற்றும் ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது; அதன்வழி ஏற்றுமதி ஆய்வுக் குழுமம் அமைந்தது. 1972இல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் உருவானது. எழுபதுகளில் ஜப்பான் முதன்மை வாங்குபவராக எழுந்தபோது இந்த அமைப்புகள் யாவும் இருந்தன.

ஆனால் இவை ஆய்ந்தது முடிவில் நின்ற பொருளை. இடைப்பட்ட வேலை ஆய்வின் கண்ணுக்கு வெளியே நடந்தது. இறாலின் தலையைக் கிள்ளி ஓட்டை உரிக்கும் பணி, ‘பீலிங் ஷெட்’ என்று மலையாளத்திலும் எல்லைத் தமிழிலும் அப்படியே வழங்கும் சிறு கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் நடந்தது. செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். உரித்த எடைக்கேற்பக் கூலி. ஏற்றுமதியின் அளவு இவர்களது விரல்களின் வேகத்தைச் சார்ந்திருந்தது. ஏற்றுமதியின் ஆவணங்களில் இவர்கள் இல்லை.

1997: ஐந்து மாதக் கதவடைப்பு

1991இல் ஐரோப்பியச் சமூகம் மீன்பொருள்களுக்கான சுகாதார நெறிமுறையை வெளியிட்டது. இனிப் பொருளை மட்டும் சோதித்துப் பயனில்லை. அது உருவாகும் முறையைச் சோதிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆலையின் தண்ணீர், பனிக்கட்டி, கழிவுநீர் வழி, தொழிலாளர் கைகழுவும் இடம், ஒவ்வொரு கட்டத்திலும் பதிவாகும் வெப்பநிலை என யாவும் சான்றின் பகுதிகளாயின. ‘ஹாசப்’ எனப்படும் இடர்ப் பகுப்பாய்வு முறை இதன் முதுகெலும்பு. தவறு நேரக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் வரம்பு வகுத்து, நாள்தோறும் எழுதிவைப்பதே அம்முறை. அமெரிக்காவும் 1997 டிசம்பர் முதல் தன் நாட்டுக்கு வரும் கடலுணவுக்கு அம்முறையைக் கட்டாயமாக்கியது.

இந்திய ஆலைகள் பல இதற்கு ஆயத்தமாகவில்லை. சால்மோனெல்லா நுண்ணுயிர் கண்டறியப்பட்டதை அடுத்து, 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையம் இந்திய மீன்பொருள்களுக்குத் தடை விதித்தது. வங்கதேசத்துக்கும் அதே நேரத்தில் தடை வந்தது. கேரளத்தின் ஏற்றுமதியாளர்களுக்கு ஐரோப்பா முதன்மையான சந்தை. கணவாயும் இறாலும் குளிர்கிடங்குகளில் தேங்கின.

இத்தடை ஆண்டுக்கணக்கில் நீளவில்லை. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில், ஏற்றுமதி ஆய்வுக் குழுமத்தைத் தகுதிவாய்ந்த அதிகார அமைப்பாக ஐரோப்பிய ஆணையம் ஏற்றது. அக்குழுமம் ஆய்ந்து பரிந்துரைக்கும் ஆலைகளின் பட்டியலுக்கு வாசல் திறந்தது. ஒவ்வோர் ஆலைக்கும் ஓர் ஒப்புதல் எண். எண் இல்லாத ஆலைக்கு ஐரோப்பா இல்லை. அடைபட்ட வாசல் ஐந்து மாதத்தில் திறக்கக் காரணம், சான்று கேட்டவருக்கு முன்னால் சான்று தரத் தகுந்த ஓர் அரசு அமைப்பு நின்றது என்பதே. முதலீடு செய்ய ஆலை முதலாளிகளும், மானியம் தர ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும், ஆய்வுக்கூடம் அமைக்கத் தொழில்நுட்ப நிறுவனமும் இருந்தன.

இதன் செலவு சமமாகப் பங்கிடப்படவில்லை. உரிக்கும் பணி ஒப்புதல் பெற்ற வளாகத்துக்குள் நிகழ வேண்டும் என்றானதும், தனித்து இயங்கிய கொட்டகைகள் பல நசிந்தன. திண்ணையில் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்த பெண், தலைக்கவசமும் காலுறையும் அணிந்து ஆலைக்குள் நிற்க வேண்டியவரானார். அல்லது அந்த வேலையை இழந்தார். சுகாதாரம் உயர்ந்தது உண்மை. உண்பவரின் உடல்நலம் அற்பமான காரணமன்று. எனினும் அந்த உயர்வின் விலையில் ஒரு பகுதியைச் செலுத்தியவர்கள், அதுபற்றிய பேச்சுவார்த்தை எதிலும் இடம்பெறாதவர்கள்.

திறந்த வாசல் திறந்தே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2002ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளின் எச்சம் புதிய தடையாக எழுந்தது. 2010 முதல், மீன் எந்தப் படகில் எவ்வாறு பிடிக்கப்பட்டது என்ற பிடிப்புச் சான்றிதழை ஐரோப்பா கட்டாயமாக்கியது. 2016இல் இந்தியாவின் வளர்ப்பு இறால் சரக்குகளில் சோதிக்கப்படும் பங்கை 10 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது. ஒவ்வொரு முறையும் கேள்வி மாறியது. ஒவ்வொரு முறையும் விடை எழுத ஓர் அலுவலகம் இருந்தது.

தூத்தூரின் சுறா

இப்போது நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான ஊர்களுக்குத் திரும்பலாம். இவ்வூர் மீனவர்கள் தூண்டிலில் தேர்ந்தவர்கள். நூற்றுக்கணக்கான கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலும் பெரிய செவுள் வலையும் கொண்டு, முதலில் பாய்மர வள்ளங்களிலும் பின்னர் விசைப்படகுகளிலும் ஆழ்கடலுக்குச் சென்றனர். இலட்சத்தீவு, கொங்கணம், குசராத்து எனக் கடல்வழி விரிந்தது. வாரக்கணக்கில் கடலில் தங்கும் இவர்களது படகுகள் தெற்கே தியாகோ கார்சியாவின் கடல் எல்லை வரை சென்று சிறைப்பட்டதும் உண்டு. சொந்தக் கரையில் பெரிய படகு அணையும் துறைமுகம் நெடுங்காலம் இல்லாததால், பிடித்த மீனைக் கொச்சித் துறைமுகத்தில் இறக்கினர்.

சுறாவின் இறைச்சி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உண்ணப்படுவது. பச்சையாகவும் கருவாடாகவும் விலைபோவது. ஆகவே துடுப்பை வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறியும் வழக்கம் இக்கரையில் வேரூன்றவில்லை. மீன் முழுமையாகவே கரைசேர்ந்தது. ஆயினும் இலாபம் தந்தது துடுப்புதான். உலர்ந்த துடுப்பு இடைத்தரகர் வழியே சென்று ஆங்காங்கையும் சிங்கப்பூரையும் அடைந்தது. இறைச்சி பயணச் செலவை ஈடுகட்டியது. துடுப்பு கடனை அடைத்தது.

முதல் அதிர்ச்சி 2001இல் வந்தது. அவ்வாண்டு சூலையில் நடுவண் அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு அது. தூத்தூர் மீனவர்களும் அவர்களது அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தனர். டிசம்பரில் அறிவிப்பு திருத்தப்பட்டு, பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. ஐந்து மாதத்தில் ஒரு கரை தன் வாழ்வை மீட்டது. ஆனால் இந்த மீட்சி போராட்டத்தால் வந்தது, சான்றால் வந்ததன்று. எந்தச் சுறா எவ்வளவு பிடிபடுகிறது, எது தாங்கும், எது தாங்காது என்ற கணக்கைத் தொடர்ந்து எழுதும் ஏற்பாடு அப்போதும் உருவாகவில்லை.

உலக அளவில் கணக்கு கவலை தந்தது. 1970க்குப் பின் ஆழ்கடற் சுறா, திருக்கைகளின் பெருக்கம் 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கை, 2013இல் பாங்காக்கில் கூடி, கொம்பன் சுறாவின் மூன்று இனங்கள் உள்ளிட்ட சில சுறாக்களை இரண்டாம் இணைப்பில் சேர்த்தது. அது 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் இணைப்பு வணிகத்தைத் தடை செய்வதன்று. ஏற்றுமதி செய்யும் நாடு, இந்த வணிகம் அந்த இனத்தின் நிலைபேற்றுக்குக் கேடு செய்யாது என அறிவியல் அடிப்படையில் மதிப்பிட்டுச் சான்றளித்தால் அனுமதி உண்டு. கேட்கப்பட்டது மீண்டும் ஒரு சான்றே.

1997இல் இறாலுக்காக நாடு அச்சான்றை ஐந்து மாதத்தில் கட்டியெழுப்பியது. 2015இல் சுறாவுக்காக அவ்வாறு செய்யவில்லை. பட்டியலில் உள்ள இனம், இல்லாத இனம் என்ற வேறுபாடின்றி எல்லாத் துடுப்புக்கும் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. நிருவாக நோக்கில் அது எளிய வழி. பிரித்தறிய முடியாதபோது முழுவதையும் நிறுத்துவது எந்த அலுவலகத்துக்கும் இயல்பாகத் தோன்றும் தீர்வு. சில சுறா இனங்களுக்கான கேடின்மை மதிப்பீடுகளை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பிற்பாடு உருவாக்கியது. ஆனால் அதற்குள் துடுப்பின் வாசல் சட்டத்தால் பூட்டப்பட்டிருந்தது.

பெயர்களுக்கு இடையே விழுந்த மீன்

சுறாவுக்குச் சான்று உருவாகாமைக்கு அரசியல் காரணம் உண்டு. துடுப்பு வணிகத்துக்கு இறால் ஏற்றுமதியாளர் சங்கம் போன்ற வலிமையான குரல் இல்லை. பண மதிப்பும் சிறிது. அதனுடன் மொழி சார்ந்த காரணமும் ஒன்று உண்டு.

சான்று என்பது பெயரிடலில் தொடங்குகிறது. பன்னாட்டு உடன்படிக்கை இலத்தீன் இருசொற் பெயரால் பேசுகிறது. கரை தன் பெயர்களால் பேசுகிறது: கொம்பன், வேளா, உழுவை. இப்பெயர்கள் குறைபாடுடையவை அல்ல. தலையின் அமைப்பு, மூக்கின் நீட்சி, உடலின் தட்டை எனக் கடலில் ஒரு பார்வையில் பிடிபடும் அடையாளங்களை அவை சுமக்கின்றன. ஆனால் மூன்று கொம்பன் சுறா இனங்களுக்கும் கரையில் ஒரு பெயர் போதும். உடன்படிக்கைக்கு மூன்று பெயர் வேண்டும். துடுப்பு வணிகரின் பெயரிடல் வேறொரு முறை. அவர் நிறத்தாலும் நீளத்தாலும் தரம் பிரிக்கிறார், இனத்தால் அல்ல. உலர்ந்த துடுப்புக் குவியலில் கரையின் பெயர் தொலைகிறது; அறிவியலின் பெயர் அங்கு ஒருபோதும் எழுதப்படவே இல்லை. மீனவர், வணிகர், அறிவியலர் ஆகிய மூவரும் தத்தம் வகைப்பாட்டில் தெளிவானவர்கள். மூன்றையும் இணைக்கும் பதிவேடுதான் இல்லை.

மாநில எல்லை இந்தப் பிளவை ஆழமாக்கியது. நீரோடிக்காரரின் படகு தமிழ்நாட்டில் பதிவாகிறது. மீன் கொச்சியில் இறங்கி, கேரளத்தில் இறங்கிய மீனாகக் கணக்கிடப்படுகிறது. துடுப்பு வேறு நகரங்களிலிருந்து ஏற்றுமதியானது. மீன் பிடித்த இடமோ இலட்சத்தீவுக்கு அப்பால். ஒரு சுறாவின் பயணத்தை முழுமையாகச் சொல்லக்கூடிய ஆவணம் எந்த ஓர் அலுவலகத்திலும் இருக்க வழியில்லை. 1956இன் எல்லைக்கோடு மணலில் கண்ணுக்குத் தெரியாததாக இருக்கலாம். கணக்கேட்டில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

தடையால் மீன்பிடிப்பு நிற்கவில்லை. பாதுகாக்கப்படாத சுறா இனங்களைப் பிடிப்பதும் அவற்றின் இறைச்சியை விற்பதும் சட்டத்துக்கு உட்பட்டவையே. மீனவரின் வருவாயில் துடுப்பின் பங்கு மறைந்தது. துடுப்பு ஒரேயடியாக மறையவில்லை. 2018 செப்டம்பரில் மும்பையிலும் குசராத்தின் வெராவலிலும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் ஏறத்தாழ 8,000 கிலோ சுறாத் துடுப்பைக் கைப்பற்றியது. முன்பு அரைகுறையாகவேனும் எழுதப்பட்ட கணக்கு, இப்போது முற்றிலும் எழுதப்படாத கணக்காயிற்று. பாதுகாப்பின் நோக்கிலும் அது இழப்பே.

அஷ்டமுடியின் விடை

அஷ்டமுடியில் நடந்தது இதற்கு மறுபுறம். மஞ்ஞக் கக்கா என்று அங்கு அறியப்படும் மட்டியின் சதை எண்பதுகளிலிருந்து வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளுக்குச் சென்றது. தேவை பெருகியதால் அளவுக்கு மீறி வாரப்பட்டு, 1993இல் விளைச்சல் வீழ்ந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையின்படி கட்டுப்பாடுகள் வந்தன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலத்தில் வாருவதில்லை. வலைக் கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. ஒரு கிலோ சதையில் 1,400க்கு மேற்பட்ட எண்ணிக்கை வரும் அளவுக்குச் சிறிய மட்டி ஏற்றுமதியாகாது.

விதியை வகுத்தவர்கள், அது கடைப்பிடிக்கப்படுவதையும் பதிவு செய்தனர். இருபதாண்டுக் கணக்கு சேர்ந்தது. பன்னாட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது ஆராய்ச்சி நிறுவனமும், உலக இயற்கை நிதியத்தின் இந்தியப் பிரிவும், மாநில மீன்வளத் துறையும், மட்டி வாருவோரின் பிரதிநிதிகளும் ஒரே மன்றத்தில் அமர்ந்தனர். காயல் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியது, வாரும் இனம் ஒன்று, பெயர் ஒன்று, கரைசேரும் துறைகளும் அருகருகே. சான்று அமைய இவையெல்லாம் துணைநின்றன.

தூத்தூரையும் அஷ்டமுடியையும் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. பெருங்கடலில் திரியும் உயிரைக் காயலில் புதைந்திருக்கும் உயிரைப்போல் எண்ண முடியாது. ஆயினும் ஒன்று தெளிவு. அஷ்டமுடியின் சான்று மட்டியின் இயல்பிலிருந்து தானாக விளைந்ததன்று. ஒரு வீழ்ச்சிக்குப் பின் மக்களும் நிறுவனங்களும் இருபதாண்டு செலவிட்டு உருவாக்கியது. 2001 டிசம்பருக்கும் 2015 பிப்ரவரிக்கும் இடையே தூத்தூருக்கும் பதின்மூன்று ஆண்டுகள் கிடைத்தன. அக்காலத்தில் அவ்வூர்களுடன் அமர்ந்து கணக்கெழுத யாரும் நிலையாக நியமிக்கப்படவில்லை.

ஆமையும் திமிங்கலமும்

இதன் தொடர்ச்சி இறாலிலும் காணப்படுகிறது. கடலாமை சிக்காத வலையால் பிடித்த இறாலையே ஏற்போம் என்று அமெரிக்கா 1989இல் சட்டம் இயற்றி, 1996இல் எல்லா நாடுகளுக்கும் விரித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பில் வழக்கிட்டன. அச்சட்டம் செயல்படுத்தப்பட்ட விதம் பாரபட்சமானது என 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது; ஆனால் ஆமையைக் காக்கும் நோக்கத்துக்கு அத்தகைய சட்டம் இயற்றும் உரிமையை மறுக்கவில்லை. இழுவலையில் ஆமை தப்பிச் செல்லும் சாதனம் பொருத்தப்படுவதை இந்தியாவால் மெய்ப்பிக்க இயலாத நிலையில், 2019இல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்க வாசல் மூடியது. கையால் இழுக்கும் வலையில் பிடித்த இறாலுக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த விலக்கைப் பெறவும் தனியே சான்று வேண்டும்.

இந்திய ஏற்றுமதியின் மொத்த எண்ணில் இந்த அடி தெரியவில்லை. 2009இல் அறிமுகமான வன்னாமை இறால் வளர்ப்பு ஆந்திரத்தில் பெருகியது; வளர்ப்பு இறாலுக்கு ஆமைச் சட்டம் பொருந்தாது. 2023–24இல் நாட்டின் கடலுணவு ஏற்றுமதி 17.81 இலட்சம் டன். மதிப்பு 60,523 கோடி ரூபாய். டாலர் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உறைந்த இறால். நாட்டின் வரைகோடு உயர்ந்துகொண்டிருந்தபோதே கேரளக் கரையின் பூவாலனும் கரிக்காடியும் ஒரு பெருஞ்சந்தையை இழந்திருந்தன. மொத்த எண்ணை மட்டும் பார்க்கும் வரலாறு இதைப் பதிவு செய்யாது. அந்த மொத்த எண்ணும் பாதுகாப்பானதன்று என்பதை 2025 ஆகஸ்ட் காட்டியது. இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கத் தீர்வை 50 விழுக்காட்டை எட்டியபோது வன்னாமை வளர்த்தவர்களும் அதே வாசலில் நின்றனர்.

அமெரிக்காவின் மற்றொரு கேள்வி திமிங்கலங்களையும் ஓங்கில்களையும் பற்றியது. மீன்பிடிப்பில் கடல் பாலூட்டிகள் சாவது தன் நாட்டின் அளவுகோலுக்கு ஒப்பக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று ஒவ்வொரு நாடும் மெய்ப்பிக்க வேண்டும் என 2016இல் விதி வகுத்தது. இம்முறை இந்தியா காத்திருக்கவில்லை. ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் நிதியில், கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனமும் இந்தியக் கடலில் பாலூட்டிகளைக் கணக்கெடுத்தன. ஓங்கிலை எண்ண முடிந்த நாட்டால் கொம்பன் சுறாவை எண்ண முடியாதிருந்தது என்று கொள்வதற்கில்லை. முன்னதன் எண்ணிக்கைக்குப் பின்னால் பல்லாயிரம் கோடி ரூபாய் இறால் நின்றது. பின்னதன் எண்ணிக்கைக்குப் பின்னால் எட்டு ஊர்கள் நின்றன.

எஞ்சியிருக்கும் பணி

2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு கார்கரினிடே என்னும் பெருங்குடும்பத்தின் சுறாக்கள் அனைத்தையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட இந்திய வனவுயிர்ச் சட்டமும் அட்டவணைகளை விரித்தது. தூத்தூர்ப் படகுகள் இறக்கும் மீனில் எது சட்டத்துக்கு உட்பட்டது, எது உட்படாதது என்ற கேள்வி இனி ஏற்றுமதியாளருக்கு மட்டும் உரியதன்று. துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு மீனவரும் எதிர்கொள்வது. துடுப்பின் ஏற்றுமதி மீண்டும் அனுமதிக்கப்பட வேண்டுமா என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு இருக்கலாம். இனம் அழிந்தால் சந்தையும் கரையும் சேர்ந்தே அழியும். ஆனால் தடையைத் தொடர்வதற்கும் தளர்த்துவதற்கும் தேவைப்படுவது ஒரே கணக்குதான்.

அக்கணக்கின் முதல் ஏடு பெயரேடு. பொழியூர் முதல் இரயுமன்துறை வரை வழங்கும் சுறா, திருக்கைப் பெயர்களைத் தமிழ், மலையாள வடிவங்களோடும் அறிவியல் பெயர்களோடும் உருவப்படங்களோடும் இணைத்துத் தொகுப்பது மொழியியல் துறையும் மீன்வள அறிவியலும் சேர்ந்து செய்யக்கூடிய பணி. இரண்டாவது, தமிழ்நாட்டுப் படகுப் பதிவையும் கொச்சித் துறைமுகத்தின் இறக்கப் பதிவையும் ஒரே தொடராகப் படிக்கச் செய்வது. இரண்டுக்கும் பெருமுதலீடு தேவையில்லை. கொம்பனை வேளாவிலிருந்து இருட்டிலும் பிரித்தறியும் முதிய மீனவர்கள் இவ்வூர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களது தலைமுறை இருக்கும்போதே அப்பெயரேட்டைத் தொடங்குவது நல்லது.